பகல் ஆள்

பகல் ஆள் காலி செய்துவிட்டுப் போய் மூன்று வாரமாகியும் மெத்தை சூடாகவே இருக்கிறதென்று கணேசபாண்டியன் வந்து சொன்னபோது, பேகம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் அதைப் புகாராகக்கூடச் சொல்லவில்லை. புதிதாக ஒருவரை வைத்ததில் அவனுக்கு ஆட்சேபம் இல்லை, தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற சின்ன மனத்தாங்கல்தான்.

"வச்சா வச்சுக்கிடுங்கக்கா, நான் ஒண்ணுஞ் சொல்லல. ஓரமா ஒதுங்கிப் படுக்கச் சொல்லுங்க. நடு மெத்த பள்ளமாகிப் போச்சு."

பேகம் யாரையும் வைக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், காலையிலிருந்து நின்ற கால்கடுப்பில், சரி சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாள். பேச்சு முடிந்தால் போதும் என்றிருந்தது.

மும்பைத் தாராவியின் அந்தச் சந்தில் அவளுக்குக் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. கணவர் ரஹ்மத்துல்லாவுக்குச் சூரத்தில் தையல் வேலை, பெருநாளைக்குப் பெருநாள் முகம் காட்டுவார். கீழே பேகமும் மகள் சஃப்ரீனும். மேலே ஒரே ஒரு கட்டில், அதற்கு இரண்டு வாடகைக்காரர்கள். பக்கத்துத் தோல் பட்டறையில் பகலெல்லாம் வேலை பார்க்கும் கணேசபாண்டியனுக்கு இரவு, செம்பூரில் இரவு வாட்ச்மேனாக இருந்த சுடலைக்கண்ணனுக்குப் பகல். ஆளுக்கொரு விரிப்பு, ஆளுக்கொரு தலையணை, மெத்தை மட்டும் பொது. ஒருவன் இறங்க ஒருவன் ஏறுவான். அந்த மெத்தைக்கு இந்த ஊரில் ஓய்வே கிடையாது, அதற்கு அடுத்தபடி பேகத்துக்குத்தான் கிடையாது.

சுடலைக்கண்ணன் காவல் காத்த கட்டடத்தை இடித்துக் கட்ட எடுத்துக்கொண்டார்கள். அவன் பன்வேல் பக்கம் போய்விட்டான். அன்றிலிருந்து பகலில் மேல் அறை பூட்டியே கிடந்தது.

மறுநாள் மத்தியானம் ஏறிப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. பட்டறையிலிருந்து வரும் பசை நெடி, நனைந்த தோலின் வாடை, சுவர் ஓதத்தின் பூஞ்சை வாசனை எல்லாம் அவளுக்குப் பழகியவை. அவற்றுக்கு அடியில் பழகாத ஒன்று இருந்தது, நன்றாகத் தூங்கி இன்னும் வாய் கொப்பளிக்காத ஆளின் மூச்சு வாடை. மெத்தையின் நடுப்பள்ளத்தில் கையை வைத்தாள். சூடு. கூரைச் சூடுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். சூரியனைப் பார்த்தே ஒரு வாரம் ஆகியிருந்தது என்பது பாதி ஏணியில்தான் நினைவுக்கு வந்தது.

சீக்கிரம் ஓர் ஆளைப் பிடித்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தாள். வீட்டுத் தரகர் நயினாரிடம் சொல்லிவைத்தாள். அவர் வாயில் போட்ட பாக்கை மெல்வதுபோல ஆட்களையும் நிதானமாக ஒவ்வொருவராக அனுப்புகிறவர். முதலில் வந்தவர் ஒரு கிடங்கின் வாட்ச்மேன். ஏணியில் தடதடவென்று ஏறினார். இறங்கும்போது சத்தமே இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அங்கே நின்று மெதுவான குரலில் சொன்னார்.

"ஆளு படுத்திருக்காருல்லா. அவரு காலி பண்ணுன பொறவு சொல்லுங்க தாயி."

அடுத்து வந்தவன் கால் சென்டரில் இரவெல்லாம் போன் எடுத்துப் பேசுகிறவன், பாதி இந்தி, பாதி தமிழ். அவனும் அப்படித்தான் இறங்கினான், தூங்கும் வீட்டிலிருந்து வெளியேறுகிறவன்போல நுனிக்காலில். பிடிக்கவில்லையா என்று கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்தான். அதற்குப்பிறகு வந்தவர்கள் எல்லாரும் அப்படியே. ஒருவர்கூடப் பயந்ததாகத் தெரியவில்லை.

சுடலைக்கண்ணனுக்குப் போன் செய்தாள். ஒருவேளை அவனுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்ற எண்ணம், சொல்லவே நா கூசுகிற எண்ணம். அவன் நன்றாகவே இருந்தான். பன்வேலில் தூக்கம் எப்படி என்று கேட்டாள். இங்கே மெத்தை ஆறிக் கிடக்கிறது அக்கா, ஏறிப் படுக்க நிம்மதியாக இருக்கிறது என்றான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

சஃப்ரீனுக்கு வடாலாப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இரண்டு மாதமாகத் தொடர்ந்து நைட் டூட்டி. காலையில் வந்து கீழே பாயில் விழுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டறை மிஷின்கள் அப்போதுதான் ஓட ஆரம்பிக்கும். காதில் பஞ்சு, முகத்தில் துப்பட்டா, ஆனாலும் தூக்கம் வராது. கண்ணுக்குக் கீழே மை தடவியதுபோலக் கறுத்துவிட்டது. முந்தின நாள் ஒரு நோயாளிக்கு ஊசியை மாற்றிப் போடப் பார்த்து, கூட இருந்தவள் கையைப் பிடித்துத் தடுத்தாளாம். அதைச் சொல்லி அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

"பகலு மெத்த சும்மாத்தான கெடக்கு உம்மா. ஆளு வரலன்னா நானே மேல படுத்துக்கிடுதேன்."

"ஆளு வருதாவ. திங்கக்கெழம வருதாவ. நீ அங்கன ஏறாத."

பொய்தான். பேகம் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அந்த வாரமே கணேசபாண்டியனும் கிளம்பினான். விரிப்பைச் சுருட்டிக் கட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் நான் வந்ததும் அந்தப் பகல் ஆள் எழுந்து போய்விடுவான் என்றான். இப்போது போவதில்லை.

"எனக்குப் பொறத்தால படுத்துக்கிடுதான்க்கா. ஒண்ணுஞ் செய்ய மாட்டான். தூங்க மட்டுந்தான் செய்யுதான். ஆனா எனக்கு எந்திரிக்கவே மனசு வர மாட்டேங்கு. மூணு நாளா வேலைக்கு நேரத்துக்குப் போகல, பாத்துக்கிடுங்க."

அவன் போன பிறகு பேகம் மெத்தையை இழுத்து எறிந்துவிடலாம் என்று ஏறினாள். குனிந்தபோது இடுப்பில் சுளீரென்றது. ஒரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுதான் தெரியும். இருபது வருடத்து அசதி அத்தனையும் ஒரே நேரத்தில் உடம்பில் வந்து இறங்கியது. கண் சொருகியது. முதுகுக்குப் பின்னால் மெத்தையின் பஞ்சு மெல்ல நெரிந்தது. யாரோ புரண்டு, நகர்ந்து, இடம் விட்டார்கள். பயம் வரும் முன்னால் அவளுக்கு வந்தது நன்றி. யாராவது ஒருவர் எனக்கு இடம் விட்டாரே என்ற நன்றி. அந்த நன்றியை நினைத்துத்தான் அவள் பிறகு நடுநடுங்கினாள். எப்படி இறங்கினாள் என்று தெரியாது. முழங்கை சிராய்த்திருந்தது.

அன்றைக்கு ஒன்று விளங்கியது. அசந்துபோன உடம்புதான் அதற்கு வேண்டும். அசந்துபோன உடம்பு கீழே பாயில் கிடக்கிறது, அவள் பெற்றது.

காலி இடம் இருப்பதால்தானே அதற்குப் பசி, அந்த இடத்தில் ஓர் ஆளைப் போட்டுவிட்டால் மகள் தப்பித்தாள் என்று கணக்குப் போட்டாள். போடப்போகிறவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளைதான் என்று மனசு சொன்னது. என் பிள்ளை இல்லை என்று பதில் சொன்னாள். அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நயினாரிடம் மறுபடி போனாள்.

தௌஃபீக் என்று ஒரு பையன் கிடைத்தான். செம்பூரில் ஒரு பேக்கரியில் இரவெல்லாம் அடுப்படியில் நிற்கிறவன். அறையைப் பார்க்கக்கூட வேண்டாம், படுக்க இடம் இருந்தால் போதும் என்று நயினாரிடம் சொன்னானாம். மத்தியானத்துக்கு முன்னால் அவனுடைய தோழன் வந்து பெட்டியை மேலே வைத்துவிட்டுப் போகட்டும் என்று நயினார் சொல்ல, பேகம் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு, பையனைக் கையோடு கூட்டிவரச் செம்பூருக்கே பஸ் ஏறினாள். சஃப்ரீன் டூட்டி முடிந்து வரும்போது தானும் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். மழையில் பஸ் ஊர்ந்தது. பேக்கரியில் பையன் கைகழுவிக்கொண்டு வர நேரமாயிற்று. முகத்தில் மாவு அப்பியிருந்தது, மீசைகூட முளைக்கவில்லை. அவனைப் பார்க்க அவளால் முடியவில்லை. நாளைக்கு வா என்று சொல்லிவிட்டுத் தனியாகவே திரும்பினாள்.

சந்துக்குள் நுழையும்போது மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் பாய் விரிக்கப்படாமல் சுருட்டியபடி நின்றது.

ஏணியடியில் சஃப்ரீனின் செருப்பு.

பேகம் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் விழிப்பார்கள் என்று தெரியவில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு படி. முட்டி இழுத்தது. இன்னொரு படி. மேலே மழைச் சத்தம். அதற்குள்ளே மூச்சுச் சத்தம். ஒன்று. பிறகு இன்னொன்று.

தலை தளத்துக்கு மேலே வந்தது. சஃப்ரீன் ஆஸ்பத்திரி உடுப்போடு சுவரோரமாக ஒட்டி, ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அந்த முகத்தில் இத்தனை நிம்மதியைப் பேகம் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. மீதி மெத்தை காலி. நடுவில் பள்ளம்.

"சஃப்ரீன். எந்திரிட்டி. கீழ வா."

மகள் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஏறி வராதீங்க உம்மா. மூணு பேருக்கு எடம் பத்தாது."

பேகம் ஏணிக் கம்பியை இறுகப் பிடித்தாள். இழுத்துவிட வேண்டும். காலைப் பிடித்து இழுத்தாவது இறக்கிவிட வேண்டும். கை எழவில்லை.

சஃப்ரீனின் வலது கை பள்ளத்துக்கு மேலாக நீண்டிருந்தது. மெத்தையில் படவில்லை. மெத்தைக்கு ஒரு சாண் மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், முழுப் பாரத்தையும் எதன்மேலோ போட்டு ஓய்ந்து கிடந்தது. விரல்கள் தளர்ந்து, எதையோ அணைத்தபடி மடங்கியிருந்தன.

மகளின் நெஞ்சு ஏறி இறங்கியது. கையும் ஏறி இறங்கியது. நெஞ்சு வேகமாக. கை மெதுவாக. மிக மெதுவாக.

நெஞ்சு இறங்கும்போது கை ஏறியது.