ஒன்று பாயின்ட் இரண்டில் ஒரு பிணம்!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

பாளையங்கோட்டை ஞானம் ஸ்டுடியோ. 1994-ல் ஒரு காலை, மணி எட்டு.

ஓனர் சங்கரசுப்பிரமணியன் ரிசீவரை எடுத்தார்.

"அண்ணாச்சி! நான் நடராஜ் பேசுதேன். எங்க அப்பா போய்ட்டாரு!"

"எங்க போய்ட்டாரு?"

"செத்துப் போய்ட்டாரு அண்ணாச்சி! சேர்ல உக்கார வச்சிருக்கோம். கடைசியா ஒரு படம் எடுக்கணும். வெரசா வாங்க... மத்தியானத்துக்குள்ள எரிச்சிடணும்!"

"ஏம்ப்பா அவ்வளவு அவசரம்?"

"வெயில் காலம்லா... தாங்காது!"

போன் வைக்கப்பட்டது.

சங்கரசுப்பிரமணியனுக்கு முதலில் முதுகு சில்லிட்டது. அடுத்த விநாடி, முகம் மலர்ந்தது.

பிணம்...!

பிணம் அசையாது!

பதினோரு வருஷமாக அவர் தேடிய ஆள் கிடைத்துவிட்டான்!

விஷயம் இதுதான். சங்கரசுப்பிரமணியனிடம் முப்பது வருஷப் பழைய ஜப்பான் லென்ஸ் ஒன்று இருந்தது. ஐம்பத்தைந்து எம்.எம்., ஒன்று பாயின்ட் இரண்டு. இந்த எண் குறையக் குறைய லென்ஸின் வாய் பெரிசு. இருட்டறையில்கூட பிளாஷ் இல்லாமல் படம் பிடிக்கும். எதிர்க்கடை ஷேக் மைதீனிடம் கொழும்பு வழியாக வந்த ஜெர்மன் லென்ஸ். ஒன்று பாயின்ட் நாலு.

வாயை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தால் எது ஷார்ப்?

பந்தயம் கட்டியாகிவிட்டது. தோற்றவன் கல்யாணப் படமே எடுக்கக் கூடாது. சாகும்வரை பாஸ்போர்ட் சைஸ் மட்டும்தான்!

பரீட்சைதான் முடியவில்லை. கல்யாண மாப்பிள்ளையை நிற்க வைத்தார்கள். கொட்டாவி விட்டான். கோர்ட் குமாஸ்தாவை உட்கார வைத்தார்கள். தூங்கி விழுந்தார். பேப்பரைச் சுவரில் ஒட்டி வைத்தார்கள். ஆடு தின்றுவிட்டது.

சங்கரசுப்பிரமணியன் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார்.

செத்தவர் வீட்டு வாசலில் ஒரு மொபெட் நின்றது.

"வாரும் பிள்ளைவாள்!" பல்லைக் காட்டினார் ஷேக் மைதீன். "எழவு வீட்டுக்கு வாரவரு மாப்பிள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டு வாரீரு?"

"பாய்! உம்ம யாருவே கூப்பிட்டா?"

"மக வேணி கூப்பிட்டா. உம்ம?"

"மகன் கூப்பிட்டான்."

நடராஜும் வேணியும் பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஒரு பிணத்துக்கு இரண்டு போட்டோகிராபர்!

கூடத்தில் கரண்ட் இல்லை. மங்கலான வெளிச்சம். நாற்காலியில் ஆவுடைநாயகம். தாடைக்கட்டு, கழுத்தில் ரோஜா மாலை. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. பக்கத்தில் மெல்லிய வெள்ளைச் சட்டையில் நடராஜ், இந்தப் பக்கம் வேணி.

"பிளாஷ் கிடையாது பாய்."

"கிடையவே கிடையாது! முழுசாத் திறந்துதான். பதினஞ்சுல ஒரு செகண்ட்."

"எதைப் பாத்துத் தீர்ப்பு?"

ஷேக் மைதீன் பிணத்தின் நெற்றியைக் காட்டினார்.

"காசுல வருஷம் அடிச்சிருக்கான்லா... எவன் படத்துல அது வாசிக்க வருதோ, அவன் ஜெயிச்சான்!"

"சீக்கிரம் எடுங்க!" நடராஜ் சீறினான். "பாடை கட்டியாச்சு!"

ஷேக் மைதீன் எடுத்தார். க்ளிக்!

சங்கரசுப்பிரமணியன் எடுத்தார். பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கி... மூச்சைப் பிடித்து... க்ளிக்!

ஒன்றரை மணி நேரம் கழித்து.

டீக்கடை பெஞ்சில், ஈரம் காயாத இரண்டு பிரின்ட்கள். நடுவில் ஒரு பூதக்கண்ணாடி.

"ரப்பே... ரப்பே!" துள்ளினார் ஷேக் மைதீன். "எம் படத்துல பாரும்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ரெண்டு! உம்ம படத்துல காசா இருக்கு? இட்லி மாதிரில்லா இருக்கு!"

சங்கரசுப்பிரமணியன் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். காசு கலங்கலாகத்தான் இருந்தது.

"காச விடும். ஓரத்தப் பாப்போம்வே. ஓரத்துல உம்ம லென்ஸ் சொதப்பும்!"

"ஓரமா? இந்தா, நடராஜ் சட்டைப்பை! உள்ள ஒரு சீசா இருக்குது பாரும். சட்டை மெல்லிசு, லேபிள் அப்படியே தெரியுது. எலி... மருந்து. கீழ உள்ள பொடி எழுத்துகூட வாசிக்க வருதுவே! 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்'!"

"'வைக்கவும்' கொஞ்சம் மங்கல்."

"உம்ம படத்துல சீசாவே இல்லையேவே! புகையில்லா இருக்கு!"

"எழுத்தா முக்கியம்? மொத்தத்தப் பாரும்யா!"

எலி மருந்தை இருவரும் எழுத்து எழுத்தாக வாசித்தார்கள். ஒருவரும் யோசிக்கவில்லை!

சங்கரசுப்பிரமணியன் கண்ணாடியைத் தன் பிரின்ட்டில் வைத்து அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். இருபத்திரண்டு வருஷத் தொழில். இனி ஆயுசுக்கும் பாஸ்போர்ட் சைஸா?

திடீரென்று நிமிர்ந்தார்.

"பாய்! மாலையப் பாரும்! ஜரிகை இழை ஒவ்வொண்ணா எண்ணலாம்! லென்ஸ் ஷார்ப்புதான்வே!"

"அப்போ காசு ஏன் கலங்கிருக்கு?"

"ஏன்னா... தலை அசைஞ்சிருக்கு!"

"பிணத்துத் தலை எப்படிவே அசையும்?"

"அப்போ அது பிணம் இல்ல!"

ஷேக் மைதீன் டீக் கிளாஸைக் கீழே வைத்தார்.

"பிள்ளைவாள்... ஒரு பந்தயத்துக்காக செத்தவர உசுரோட எழுப்புதீரே! இது அடுக்குமா?"

"என் லென்ஸ் பொய் சொல்லாது! வண்டிய எடும்! கொள்ளி வச்சிட்டா என் சாட்சி சாம்பலாப் போயிரும்!"

மனுஷன் எரிந்துவிடுவானே என்ற நினைப்பு அவருக்குப் பாதி வழியில்தான் வந்தது.

தாமிரபரணிக் கரை. நடராஜ் தோளில் மண்குடம். சட்டையைக் கழற்றச் சொல்லியும் கேட்காமல் சிதையைச் சுற்றிக்கொண்டிருந்தான். குடத்தில் இரண்டு ஓட்டை விழுந்தாயிற்று. மூன்றாவது விழ வேண்டியதுதான் பாக்கி...

"நிறுத்துங்கலே...!"

மொபெட் மணலில் சாய்ந்தது. பிரின்ட்டை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தார் சங்கரசுப்பிரமணியன்.

"என்ன அண்ணாச்சி?" நடராஜ் குடத்தை இறுக்கிப் பிடித்தான்.

"உங்க அப்பா அசைஞ்சிருக்காரு!"

"படம் சரியா வரலன்னா செத்தவர் மேலயா பழி போடுவீங்க?"

"நான் ஏன் போடுதேன்? மாலை ஷார்ப்பா இருக்கு, தலை கலங்கியிருக்கு! உங்க அப்பாதான் ஆடியிருக்காரு! ஒரு படத்துக்கு ஒழுங்கா உக்காரத் தெரியாத மனுசன்..."

"எவம்லே அது?"

குரல் சிதையிலிருந்து வந்தது!

ஆவுடைநாயகம் எழுந்து உட்கார்ந்தார். தாடைக்கட்டை அவிழ்த்தார். நெற்றிக் காசு மடியில் விழுந்தது.

கூட்டத்தில் பாதி ஆற்றுக்குள் பாய்ந்தது. சங்கு ஊதியவர் சங்கைப் போட்டுவிட்டு ஓடினார்.

"யாருவே சொன்னது நான் அசைஞ்சேன்னு? பாபநாசத்துல தண்ணிக்குள்ள முங்கி, மூணு மாசம் மூச்சடக்கிப் பழகுனவன்வே நான்! காலையில மூக்கு மேல ஈ உக்காந்துச்சு. அசைஞ்சேனா? தங்கச்சி மாரடிச்சு மேல விழுந்தா. அசைஞ்சேனா? நீரு என்னன்னா ஊர் முன்னால என் மானத்த வாங்குதீரு!"

கரையில் நின்ற மருத மரத்துக்குப் பின்னாலிருந்து தலையில் அடித்துக்கொண்டு ஒருவர் வந்தார். மப்டியில் இன்ஸ்பெக்டர் பாக்கியசீலன்.

"அண்ணாச்சி! கொள்ளிய எடுக்குத வரைக்கும் பொறுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லா! கெடுத்துட்டீகளே!"

"பொறுக்கலாம்வே. ஆனா அசைஞ்சேன்னு சொல்லுதானே!"

இன்ஸ்பெக்டர் சங்கரசுப்பிரமணியனை முறைத்தார்.

"இவரு கஷாயத்துல யாரோ விஷம் கலந்திருக்காங்க. வாசம் பிடிக்கலன்னு இவரு துளசிச் செடியில ஊத்தியிருக்காரு. செடி செத்துப் போச்சு! மகனா மகளான்னு தெரியல. அதான் டாக்டரையும் கூட்டுச் சேத்து, செத்த மாதிரி படுக்க வச்சேன். செஞ்ச ஆளு ஏதாவது தடயத்தக் காட்டுவாங்கன்னு நெனச்சேன். இப்ப ஒரு ஆதாரமும் இல்லாம நிக்கேன்!"

"சார், அந்தச் சவத்த விடுங்க!" குறுக்கே புகுந்தார் ஷேக் மைதீன். "போலீஸ்காரர் கண்ணு பொய் சொல்லாது. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க. ரெண்டுல எது ஷார்ப்?"

பூதக்கண்ணாடியையும் தன் பிரின்ட்டையும் நீட்டினார்.

"காச மட்டும் பாக்காதீக சார். ஓரத்தையும் பாருங்க. சட்டைப்பை..."

இன்ஸ்பெக்டர் பார்த்தார்.

வாசித்தார்.

"எலி... மருந்து... குழந்தைகளுக்கு எட்டாத..."

மெதுவாகத் தலையைத் தூக்கினார்.

நடராஜின் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. தோளிலிருந்த குடம் மூன்றாவது ஓட்டைக்குக் காத்திராமல் மொத்தமாக உடைந்தது!

ஓடினான்... படித்துறைப் பாசியில் வழுக்கினான்... நாலாவது படியில் இன்ஸ்பெக்டர் கையில் சிக்கினான். பையிலிருந்து சீசா உருண்டது.

"ஆத்துல போடலாம்னு வச்சிருந்தேன்..." அழுதான். "கூட்டத்துல நேரமே கிடைக்கல..."

"ஏலே, எடுத்த காரியத்த எப்பம்லே நீ நேரத்துக்கு முடிச்சிருக்க?" சிதையில் உட்கார்ந்தபடியே காறித் துப்பினார் ஆவுடைநாயகம்.

ஷேக் மைதீன் மெல்லச் சங்கரசுப்பிரமணியனின் தோளைத் தொட்டார்.

"பிள்ளைவாள்... அண்ணாச்சி அசையல. காசு கலங்கிருக்கு. அப்போ உம்ம லென்ஸ்தான் மட்டம்!"

சங்கரசுப்பிரமணியனின் முகம் கறுத்தது. பேசாமல் இருந்துவிடலாம். இருந்தால் லென்ஸின் பேர் கெட்டுப்போகும். பேசினால் தன் பேர் கெட்டுப்போகும்.

லென்ஸைத் துண்டால் ஒருமுறை துடைத்தார்.

"லென்ஸ் மேல பழி போடாதீரும்வே. தப்பு என்னோடது. பிணத்து முகத்தப் பாக்க எனக்குப் பயம். இருபத்திரண்டு வருஷமா மாலையப் பாத்துத்தான் போகஸ் பண்ணுதேன்!"

"அடப்பாவி மனுசா!"

"பிளாஷ் போட்டா லென்ஸ் வாயைச் சுருக்கிக்கிடலாம், முகமும் தெளிவா விழுந்துரும்; முழுசாத் திறந்தா பாத்த இடம் மட்டுந்தான் தெளிவு. இன்னைக்குத்தான் தெரிஞ்சு போச்சு."

"பயமா இருந்தாலும் பந்தயம் பந்தயந்தான் பிள்ளைவாள்."

"இல்லன்னா சொன்னேன்?"

"அது என்ன பந்தயம்?" என்றார் விலங்கு மாட்டிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர்.

"இனிமே நான் பாஸ்போர்ட் சைஸ் மட்டுந்தான் எடுக்கணும் சார்."

"அப்போ நல்லதாப் போச்சு. ஸ்டேஷன் ரெக்கார்டுக்கு இவன் படம் ஒண்ணு வேணும். பாஸ்போர்ட் சைஸ்தான். இங்கனயே எடும்!"

நடராஜை மருத மரத்தடியில் நிறுத்தினார்கள். கையும் காலும் தலையும் கிடுகிடுவென்று ஆடின.

சங்கரசுப்பிரமணியன் லென்ஸை முழுசாகத் திறந்தார். முதல் முறையாக, மாலையில்லாத ஒரு கழுத்துக்கு மேலே நேராக முகத்தைப் பார்த்தார்.

"ஏலே, ஆடாம நில்லு! செத்த மனுசன் உங்க அப்பாவப் பாத்தாவது கத்துக்கிடக் கூடாதா?"