நனைந்தும் அணையாத விளக்கு

“சார், என் வெளக்கு அணைய மாட்டேங்குது” என்றாள் ஜெப ஷீலா.

மின்வாரியத்தில் திருட்டு மின்சாரம் பிடித்தே முப்பது வருடம் ஓட்டி, ஓய்வுக்குப் பின் துப்பறிய வந்தவர் நவநீதகிருஷ்ணன். அவருக்கே இப்படியொரு புகார் புதிது. அவருடன் துப்பறியும் ரேணுகாதேவி சிரித்தே விட்டாள். ஷீலா சிரிக்கவில்லை.

திருச்சுழி ரோட்டில் கணவர் லாரன்ஸின் விசைத்தறிக் கூடத்தை ஒட்டி அவளுடைய ஆய்வுக்கூடம். பெரோவ்ஸ்கைட் என்ற புதுவகைக் குறைக்கடத்தியைக் கரைத்து, கண்ணாடித் தட்டில் தடவி, மலிவான எல்இடி விளக்கு செய்கிறாள். அந்தப் பூச்சுக்கு ஈரம் ஆகவே ஆகாது. ஆயிரம் மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் சென்னைக் கம்பெனி கையெழுத்திடும். நாளை வருகிறார்கள்.

“நேத்து மழையில கூரை ஒழுகி, தட்டு முழுக்க நனைஞ்சிருச்சு. செத்திருக்கணும். ஆனா எரியுது. எல்லாரும் கர்த்தர் கிருபைங்கிறாக. எனக்கு அப்படித் தோணல.”

மழையால் தறிகள் ஓடவில்லை. லாரன்ஸும் காவலாளி இருளாண்டியும் ஆய்வுக்கூட வாசலில் நின்றார்கள். நவநீதகிருஷ்ணன் உள்ளே போய் ஷீலாவின் நோட்டைப் புரட்டினார். பூச்சு தேயத் தேய மின்னழுத்தம் ஏற வேண்டும். 212-ஆம் மணி வரை ஏறியிருந்தது. அப்புறம் ஒரே எண்.

“நெலைச்சு நிக்குதேன்னு சந்தோசப்பட்டேன் சார்” என்றாள் ஷீலா.

ஈரத்துக்குப் பயந்து ஷீலா திறக்காமலே வைத்திருந்த மூடியை அவர் கழற்றினார். உள்ளே அவள் தட்டுக்குப் பதில் கடையில் விற்கும் சாதாரணப் பச்சை எல்இடி. ஷீலா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சாவி இருளாண்டிகிட்டதான சார் இருக்கு?” என்று துள்ளினாள் ரேணுகா.

“வயர நூலால கட்டியிருக்கு, பாரு. நுனிய ஒட்ட நறுக்கின நெசவு முடிச்சு. இருளாண்டி பரளச்சிப் பக்கம் வெவசாயம் பாத்த சம்சாரி, தறியத் தொட்டதில்ல.” அவர் லாரன்ஸ் பக்கம் திரும்பினார்.

லாரன்ஸுக்கு முகம் வெளுத்தது. “போன தட்டு அணைஞ்சப்ப மூணு நாளு நீ சாப்பிடல ஷீலா. தீபாவளி லீவு முடிஞ்ச அன்னிக்கு நீ மதுரை போயிருந்த. காலையில எட்டு மணிக்கு இங்க வந்தேன். தட்டு விட்டு விட்டு எரிஞ்சுச்சு. சாகப்போகுதுன்னு மாத்திட்டேன்.”

“பழசு எங்க?” என்றார் நவநீதகிருஷ்ணன்.

“தூக்கிப்போட மனசு வரல.” காற்றுப் புகாத டப்பா ஒன்றைப் பீரோவிலிருந்து எடுத்தார்.

நவநீதகிருஷ்ணன் அந்தத் தட்டை இணைத்தார். பச்சையாக எரிந்தது.

“இருளாண்டி, தறிக்கூடத்துல சொல்லி எல்லாத் தறியையும் ஒண்ணா ஓட்டச் சொல்லுங்க.”

சற்று நேரத்தில் தறிகள் அதிர்ந்தன. தட்டு விட்டு விட்டு எரிந்தது. தலைக்கு மேல் டியூப்லைட்டும் அப்படியே மினுக்கியது. பிறகு இரண்டும் நிதானமாயின.

“லீவு முடிஞ்ச அன்னிக்கு எட்டு மணின்னா எல்லாத் தறியும் ஒண்ணாக் கெளம்புற நேரம். தட்டுக்கு ஒரு கொறையும் இல்ல. உங்க தறி கரண்டை இழுத்துச்சு” என்றார் நவநீதகிருஷ்ணன்.

“நான் மேல பார்க்கவே இல்லையே…” லாரன்ஸ் டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார்.

“உசிரோட இருந்தத எடுத்துட்டீகளே!” ஷீலா அலறினாள்.

பிறகு அவள் எழுந்து, நோட்டில் 212-க்குப் பிறகு எழுதியதை எல்லாம் குறுக்கே அடித்தாள்.

“நாளைக்கு உள்ளதச் சொல்லப்போறேன். கையெழுத்து கெடைக்காது. நீங்க பக்கத்துல நிக்கணும்.”

லாரன்ஸ் தலையசைத்தார். பழைய தட்டு பச்சையாக எரிந்துகொண்டிருக்க, அவள் கடிகாரத்தைப் பார்த்து 213 என்று எழுதக் காத்திருந்தாள்.