ஓரத்தில் நின்றவள்

மதிய லுஹர் தொழுகையை முடித்துவிட்டு, சிவகாசி அச்சகத்து மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த அறைக்கு வந்தாள் சுமைரா. ஞாயிற்றுக்கிழமை. கீழே காலண்டர் அடிக்கும் இயந்திரங்கள் ஓய்ந்து கிடந்தன. திரையில் வெயில் விழாதபடி ஜன்னலைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். தான் எடுத்த படங்களுக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியிருந்தாள். முதல் பக்கத்துப் படம்தான் பாக்கி.

எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வாசலில், வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கும் ஆறு பெண்கள். அதை எடுத்த பத்தாம் நாள் ஆலையின் வெடிமருந்து அறை வெடித்துச் சிதறியது. படத்தில் நின்றவர்களில் ஐந்து பேர் செத்துப்போனதாகப் பேப்பரில் வந்தது.

செல்போனில் சீக்கிரம் திறக்க வேண்டுமே என்று படத்தின் அளவைக் குறைத்தாள். நிழல் விழுந்த முகங்களுக்கு வெளிச்சம் கூட்டினாள். வலது ஓரத்தில் நின்ற ஒருத்தி மட்டும் அசைந்துவிட்டாள் போலிருக்கிறது. முகம் கலங்கித் தெரிந்தது. படத்தின் அகலமும் பக்கத்துக்குள் அடங்கவில்லை. அந்த ஓரத்தை வெட்டிவிட்டு ஏற்றினாள். செல்போனில் திறந்து பார்த்தாள்.

ஆறு பேர் நின்றார்கள்.

வெட்டாத படத்தை ஏற்றிவிட்டோம் என்று நினைத்து, மறுபடி வெட்டி ஏற்றினாள்.

ஆறு பேர்.

கலங்கிய முகத்துக்காரி இப்போது ஓரத்தில் இல்லை. ஓரடி உள்ளே வந்திருந்தாள்.

சாத்திய அறைக்குள் கந்தக வாடை மெல்லப் பரவியது. சுமைரா யோகேஸ்வரிக்குப் போன் போட்டாள். அதே ஆலையில் வேலை பார்த்தவள்; அந்தப் படத்தை எடுத்த அன்றே பார்த்தவள்; வெடித்த அன்று லீவு போட்டிருந்ததால் பிழைத்தவள்.

"அக்கா, ஆலை வாசல்ல எடுத்தேன்ல, அந்தப் படத்துல கடைசியா நிக்கது யாரு? எறந்தவுக அஞ்சு பேருதான?"



"வெள்ளைத்தாயி. வேலைக்குச் சேந்து ரெண்டு வாரந்தான். ரிஜிஸ்தர்ல பேரு ஏத்தல. ஒரு எலும்பு கூடக் கெடைக்கல. அப்படி ஒருத்தி வேலைக்கே வரலன்னு ஆலைக்காரக சொல்லிட்டாக."

"நீங்க சொல்லலையா?"

"வேல போயிருமேன்னு யாரும் வாயத் தொறக்கல."

ஓரத்தை வெட்டித் தானும் அவளை இல்லாமல்தானே ஆக்கினோம் என்று சுமைராவுக்குத் தோன்றியது. மற்றவர்களின் பெயர்களையும் கேட்டுக்கொண்டு, முழுப் படத்தையும் ஏற்றினாள். கீழே ஆறு பெயர்களை அடித்தாள். யோகேஸ்வரிக்கும் அனுப்பிவைத்தாள்.

வாடை போகவில்லை.

போன் அடித்தது. யோகேஸ்வரி கிசுகிசுத்தாள்.

"படம் நல்லாத் தெளிவா இருக்கு. வெள்ளைத்தாயி முகங்கூடப் பளிச்சுன்னு தெரியுது."

சுமைரா மூச்சு விட்டாள்.

"ஏன் சுமைரா, படம் எடுத்தது நீதான?"

"ஆமாக்கா."

"பெறகு எப்படி, அவ கையப் பிடிச்சுக்கிட்டு நீயும் நிக்க?"

சுமைரா திரையைப் பார்க்கவில்லை. அவள் கண் தன் மணிக்கட்டில் நிலைகுத்தியிருந்தது. வெள்ளி நிற வெடிமருந்துப் பொடியில் நான்கு விரல்களின் தடம்.

அழுத்தித் துடைத்தாள்.

தடம் இறுகியது.