வலை விழாத மூலை

"இந்தக் கல்லை யாராவது நகர்த்திடுவாங்களா?" என்று அன்று பாக்கியம் கேட்டாள்.

"எல்லைக் கல்லை எவன் தொடுவான்? தொட்டா ஜெயில்," என்றார் வீரசாமி. மண்வெட்டியில் ஒட்டியிருந்த ஈர மண்ணை வழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வேற அடையாளமே வேண்டாம். கல்லு இருக்கிற இடத்துல பாப்பா இருப்பா."

அதற்குப் பிறகு அவள் இன்னொன்றும் கேட்க நினைத்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷம் ஆச்சுண்ணே," என்று சொல்லிவிட்டு பாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவர் சொன்ன மாதிரியே கல்லு அங்கேயேதான் இருக்கு. என் பிள்ளையைத்தான் காணோம்."

பாம்ப்ளமூஸ் ஊரில் இருந்த தனராஜின் சிறிய வீட்டின் முன்னறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியத்துக்கு எதிரே தனராஜ். போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்ட் லூயிஸ் நீதிமன்றத்தில் நிலத் தகராறுகளைக் கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். ஜன்னலோரம் அவருடைய நண்பர் மொரிஸ். பழைய மோரிஸ் கார் ஒன்றை டாக்ஸியாக ஓட்டுகிறவர். "எனக்குப் பேர் வைத்துவிட்டுத்தான் அந்தக் காருக்கு வைத்தார்கள்" என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால் தனராஜை விட்டு நகரமாட்டார்.

பாக்கியம் சொன்ன விஷயம் இதுதான். அவளும் வீரசாமியும் இளவயதிலிருந்தே புனித ஒதில் கன்னியர் மடத்தில் வேலை செய்கிறார்கள். அவளுக்குத் துணி துவைக்கும் வேலை, அவருக்கு மீன் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எட்டு மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்தபோது, ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மடத்துக் கல்லறையில் வைக்க முடியவில்லை. அப்போது மடத்துத் தலைவியாக இருந்த மதர் மனமிரங்கி, குளத்தோரம் எல்லைக் கல்லின் அடியில் புதைத்துக்கொள்ளச் சொன்னார். பால் புகட்டிய பித்தளைச் சங்கையும் கூடவே வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

இந்த ஆண்டுப் புயல் மடத்தின் கூரையையும் அதன் மாதா கோயில் கூரையையும் கொண்டுபோய்விட்டது. கன்னியர் மடத்தை மூடுகிறார்கள். நிலம் முழுவதையும் பக்கத்துக் கரும்புத் தோட்டம் வாங்கிவிட்டது. திங்கட்கிழமை குளத்தை மண் போட்டுத் தூர்த்து, உழப் போகிறார்கள்.

"உழறதுக்கு முன்னாடி பிள்ளையை எடுத்து நம்ம கோவில் இடுகாட்டுல வச்சிடலாம்னு நேத்து மடத்துத் தோட்டக்காரனை விட்டுக் கல்லைச் சாய்ச்சுத் தோண்டச் சொன்னேன். ஆள் உயரம் தோண்டியும் ஒண்ணுமில்லை. எலும்பு மக்கிப் போயிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. பித்தளைச் சங்கு எப்படிண்ணே மக்கும்?"

"யாரோ திருடியிருக்கிறார்கள்!" என்றார் மொரிஸ்.

"பொறு, மொரிஸ்," என்றார் தனராஜ். "உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார், பாக்கியம்?"

"அவர் என்னைக்கு என்ன சொன்னார்?" அவள் குரல் கசந்தது. "வருஷா வருஷம் பாப்பா போன நாள்ல நான்தான் தனியாப் போய் விளக்கு வைப்பேன். கூப்பிட்டா, மதகுல வேலை இருக்குன்னு போயிடுவார். முதல் சில வருஷம் கூட வந்தார், அப்புறம் ஒரு தடவைகூட வந்ததில்லை. மனசு கல்லுண்ணே அவருக்கு. நான் சமைக்கிற மீனைக்கூடத் தொடமாட்டார். மீன் குளத்துக்காரர் மீன் தின்னமாட்டேங்கிறார்னு ஊரே சிரிக்குது. என் கை ருசி அவ்வளவு மோசம்!"

"எத்தனை நாளாக?"

"உலகப் போர் சமயத்துல இருந்து. நான் காய்ச்சல்ல போர்ட் லூயிஸ் ஆஸ்பத்திரியில கிடந்து திரும்பி வந்தேனே, அப்ப இருந்து."

தனராஜ் தலையசைத்தார். "குழந்தைக்கு என்ன பேர் வைத்தீர்கள்?"

பாக்கியம் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "அவர்தான் வச்சார். அவ போனதுக்கப்புறம் அந்தப் பேர் எங்க வீட்டுல யார் வாயிலயும் வரலைண்ணே. என் வாயிலயும்தான்."

மடத்து நிலம் சரிவான நிலம். மேலே கூரையில்லாத கோயில். அதற்குக் கீழே மாமரத் தோப்பு. அதற்கும் கீழே கருங்கல் கரை கட்டிய மீன் குளம். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே கன்னியருக்குத் தானமாகக் கிடைத்த நிலம் அது. வடக்கே உயரமான புறாக்கூண்டுக் கோபுரமும் தெற்கே இடிந்த சுண்ணாம்புச் சூளையும் நின்றன. இரண்டின் காலடியிலும் ஓர் எல்லைக் கல். நடுவே குளத்தோரம் மூன்றாவது கல், நேற்றுத் தோண்டிய குழிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. எல்லைக்கு அப்பால் கரும்பு.

மடத்தில் எஞ்சியிருந்த சிஸ்டர் இவெட், கைத்தடியுடன் இறங்கி வந்தார். கரும்புத் தோட்டத்து மேற்பார்வையாளர் எட்மோன், தொப்பியைக் கழற்றாமல் தள்ளி நின்றார். வீரசாமி மதகின் மேல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து எழுந்து வரவில்லை.

தனராஜ் கல்லின் முன் மண்டியிட்டார். முழங்கால் உயரமுள்ள கருங்கல். அதன் தலையில் நேர்க்கோடாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தது. பக்கங்களில் இரண்டு இடத்தில் எண்ணெய்க் கறை ஊறிக் கறுத்திருந்தது.

"பாக்கியம், விளக்கை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?"

"எப்பவும் கிழக்குப் பக்கம்தான். மாத்தினதே இல்லை."

தனராஜ் குழிக்குள் இறங்கி, கீழ் மண்ணைக் கையால் கிளறிப் பார்த்தார். வெறும் செம்மண். பிறகு புறாக்கூண்டுக் கல் வரை நடந்துபோய், அதன் அடியில் கொஞ்சம் தோண்டும்படி மொரிஸிடம் சொன்னார். ஒரு முழம் போனதும் மொரிஸ் கூவினார்:

"ஓட்டுத் துண்டு! மூன்று! கரியும் இருக்கிறது! யாரோ இங்கே சமைத்திருக்கிறார்கள், இன்ஸ்பெக்டர்!"

"உனக்கு எல்லாமே சமையல்தான். அந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்."

மூன்று துண்டுகளும் விளிம்போடு விளிம்பு பொருந்தி ஒரே ஓடாயின. தனராஜ் தலையசைத்துவிட்டு, மண்ணை மூடச் சொன்னார். குளத்தைச் சுற்றி ஒரு முறை நடந்தார். சூளைக்குக் கீழிருந்த குளத்து மூலையில் நின்று, தண்ணீரை வெகு நேரம் பார்த்தார்.

"இந்தக் குளத்தில் எப்போதும் இவ்வளவு தண்ணீரா, சிஸ்டர்?"

"நான் வந்து பத்து வருடம்தான். போரில் அரிசிக்குப் பஞ்சம் வந்தபோது, மீன் அதிகம் வளர்க்கக் கரையை உயர்த்தினார்களாம். குளம் இரண்டு மடங்கானது என்று மதர் சொல்வார்."

"மீன் பிடிப்பது வீரசாமிதானா?"

"அவன்தான். கெட்டிக்காரன். ஆனால் பிடிவாதக்காரன்," என்று சிஸ்டர் சிரித்தார். "நீங்கள் நிற்கிற அந்த மூலையில் மட்டும் வலை போடவே விடமாட்டான். அடியில் முள், வலை கிழியும் என்பான். ஒரு நாள் தோட்டக்காரன் தூண்டில் போட்டுவிட்டான் என்று அடிக்கப் போய்விட்டான்."

தனராஜ் மதகு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். வீரசாமி தலை குனிந்திருந்தார்.

"எல்லாரும் கல்லுக்குப் பக்கத்தில் வாருங்கள்," என்றார் தனராஜ். "வீரசாமி, நீங்களும்."

அவர் வந்தார். மனைவியின் பக்கத்தில் நிற்காமல் குழியின் மறுபுறம் நின்றார்.

"குழந்தையை யாரும் திருடவில்லை," என்று தனராஜ் ஆரம்பித்தார். "குழந்தை வைத்த இடத்திலேயே இருக்கிறது. நகர்ந்தது கல்."

"அப்படியென்றால் இவர்தான்!" என்று மொரிஸ் எட்மோனைக் காட்டினார். "கல் மடத்துப் பக்கம் நகர்ந்தால் லாபம் தோட்டத்துக்கு!"

"வாயை அடக்கு, டாக்ஸிக்காரா," என்றார் எட்மோன்.

"மொரிஸ், கரும்பைப் பார். கடைசி வரிசை எங்கே முடிகிறது? புறாக்கூண்டிலிருந்து சூளைக்கு ஒரு கயிறு கட்டினால் எங்கே வருமோ, அங்கேயே முடிகிறது. நிலத்துக்கு ஆசைப்பட்டவன் கல்லை நகர்த்தியிருந்தால், பின்னாலேயே கரும்பும் வந்திருக்கும். ஒரு கரும்புகூட வரவில்லை. கல்லை நகர்த்தியவருக்கு நிலம் தேவைப்படவில்லை."

அவர் கல்லின் தலையைத் தொட்டார். "இந்தப் பள்ளம் அழகுக்கு வெட்டியது இல்லை. அடுத்த கல் எந்தத் திசையில் இருக்கிறது என்று காட்ட நில அளவைக்காரர்கள் வெட்டுவது. நேற்று சாய்க்கப்படும் முன் இது எதைக் காட்டியது, சிஸ்டர்?"

சிஸ்டர் இவெட் யோசித்தார். "கோயிலை. நான் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நடக்கும்போது, கல்கூடக் கோயிலைப் பார்க்கிறது என்று நினைத்திருக்கிறேன்."

"கோயிலில் எல்லைக் கல் இல்லை. கல்லைப் பெயர்த்து நட்டவருக்குத் திசை முக்கியமாக இருக்கவில்லை. இன்னொன்று. எல்லைக் கல் நடும்போது கூரை ஓடு ஒன்றை மூன்றாக உடைத்து, கரியோடு சேர்த்து அடியில் புதைப்பார்கள். பிற்காலத்தில் தகராறு வந்தால் அவைதான் சாட்சி. துண்டுகள் பொருந்தினால் கல் தன் இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். புறாக்கூண்டுக் கல்லின் அடியில் சாட்சி இருக்கிறது. இதன் அடியில் இல்லை."

"எப்பண்ணே நகர்த்தினாங்க?" பாக்கியம் குழியைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"நீங்கள் விளக்கு வைக்க ஆரம்பித்த பிறகு. கிழக்குப் பக்கம் மட்டும் விளக்கு வைத்த கல்லில் இரண்டு பக்கம் எண்ணெய்க் கறை. அதாவது நடுவில் ஒரு முறை கல் திரும்பியிருக்கிறது. உங்களுக்கு ஏன் தெரியவில்லை? அன்றும் கல் தண்ணீர் ஓரம், இன்றும் தண்ணீர் ஓரம். ஆனால் குளம் இரண்டு மடங்காகிவிட்டது, பாக்கியம். நகராத கல்லாக இருந்தால் அது இப்போது தண்ணீருக்குள் இருக்க வேண்டும்."

தண்ணீரில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கரையை உயர்த்தினார்கள். நீங்கள் திரும்பி வந்த நாளிலிருந்து ஒருவர் இந்தக் குளத்து மீனைத் தின்பதில்லை. குளத்தின் ஒரு மூலையில் வலை விழ விடுவதில்லை. குழந்தை இறந்த நாளில் கல்லுக்கு வருவதில்லை, மதகுக்குப் போகிறார். மதகிலிருந்து பார்த்தால் அந்த மூலைதான் தெரியும்." தனராஜ் குரலைத் தாழ்த்தினார். "இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது, வீரசாமி."

வீரசாமி குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச ஆரம்பித்தபோது மனைவியைப் பார்க்கவில்லை.

"பாப்பாவைத் தோண்டி மேல கொண்டுவந்திடலாம்னுதான் போனேன். மண்வெட்டியை ஓங்கினேன். கை வரலை. ஒரு தடவை அவமேல மண்ணைத் தள்ளின கை. மறுநாள் காலையில மதகை மூடணும்னு மதர் சொல்லிட்டாங்க. மடத்து எருதைக் கட்டிக் கல்லை மட்டும் இழுத்து மேட்டுல நட்டேன். மதகை மூடினதும் நான்தான். தண்ணி ஏறறதைப் பார்த்துட்டே நின்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள் பாக்கியம்.

"நீ சாகக் கிடந்து எழுந்து வந்தே. வாசல்ல வச்சு நீ கேட்ட முதல் வார்த்தை, கல்லு பத்திரமா இருக்கான்னுதான். இருக்குன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் வேற எதைச் சொல்றது? நீ இங்க விளக்கு வைக்கும்போது பக்கத்துல நின்னு எப்படி நான் கும்பிடறது?"

பாக்கியம் அவரைப் பார்த்தாள். மனசு கல் என்று அவள் இத்தனை வருடம் எல்லாரிடமும் சொல்லிவந்த மனிதரை, முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

எட்மோன்தான் முதலில் அசைந்தார். தொப்பியைக் கழற்றினார். "திங்கட்கிழமை எப்படியும் நாங்கள் மதகைத் திறந்தாக வேண்டும்," என்றார் தரையைப் பார்த்தபடி. "இன்றைக்கே திறந்தால் எங்கள் வேலைதான் குறையும்."

வீரசாமி மதகுப் பலகையைத் தூக்கினார். மொரிஸ், கேட்காமலே சட்டையைக் கழற்றிவிட்டுக் கை கொடுத்தார். தண்ணீர் கால்வாயில் சத்தமிட்டு இறங்கியது. சாயங்கால வெயில் மாமரங்களில் ஏறியபோது, குளத்து மூலை கறுப்புச் சேறாக வெளியே வந்தது. தனராஜ் புறாக்கூண்டுக் கல்லுக்கும் சூளைக் கல்லுக்கும் இடையே கயிற்றை இழுத்துக் கட்டச் சொன்னார். கயிற்றின் வழியே வீரசாமி சேற்றில் இறங்கி நடந்தார். அளக்கவில்லை, தேடவில்லை. ஓர் இடத்தில் நின்று குனிந்து, கையால் சேற்றை விலக்கினார்.

முதலில் ஓட்டுத் துண்டுகள் வந்தன. மொரிஸ் அவற்றை வாங்கி, கரையில் சேர்த்து வைத்தார். பொருந்தின. இந்த முறை அவர் கூவவில்லை.

இன்னும் கொஞ்சம் கீழே, ஒரு பக்கமாகத் தள்ளி, வீரசாமியின் விரல்கள் நின்றன. அவர் அப்படியே முழந்தாளிட்டு உட்கார்ந்துவிட்டார். கையில், பச்சைக் களிம்பு படிந்து, மூக்கு வளைந்த சின்னச் சங்கு.

பாக்கியம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். சிஸ்டர் இவெட் திரும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டார். தனராஜ் மொரிஸின் தோளைத் தொட்டு, மேட்டுப் பக்கம் அழைத்துக்கொண்டு நடந்தார். ஆனாலும் சரிவில் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

அவள் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, சங்கை வாங்கி, முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்ததும் அதை மறுபடி அவர் கையில் வைத்து, அந்தக் கையை மூடினாள்.

"அன்னைக்கே கேக்கணும்னு இருந்தேன். கேக்கலை," என்றாள். "நீங்க வச்ச பேருதானே? ஒரே ஒரு தடவை, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க."