திராட்சை வாசனை

ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்ததுமே பழுத்த திராட்சை வாசனை அவள் மூக்கில் ஏறியது. அங்கே யாரும் எதுவும் சாப்பிடக்கூடாது. தம்பியின் காலை அரித்துக்கொண்டிருக்கும் பாக்டீரியா பெருகினால் வரும் வாசனை அது. நேற்றோடு ஒழிந்தது என்று அவள் நிம்மதியாகத் தூங்கியிருந்தாள்.

எந்த மருந்துக்கும் மசியாத அதைக் கொல்ல, அதையே தின்னும் ஒரு வைரஸை மாதக்கணக்கில் தேடிப்பிடித்து வளர்த்தவள் அவள். நேற்று அந்தப் பாக்டீரியாவை வளர்த்திருந்த குடுவைக்குள் வைரஸை விட்டதும் பச்சைக் கலங்கல் கரைந்து தண்ணீராய்த் தெளிந்தது. அதிலிருந்து ஒரு குப்பி நிரப்பி மருத்துவமனைக்கு அனுப்பினாள். மாலையே தம்பியின் கை நரம்பில் ஏற்றிவிட்டார்கள்.

இப்போது கதகதப்பான பெட்டிக்குள், கடக் கடக்கென்று ஆடும் தட்டின் மேல், அதே குடுவை மீண்டும் பச்சையாகக் கலங்கியிருந்தது.

புதிதாக வைரஸை ஊற்றினாள். பிற்பகல் முழுவதும் அந்தக் கடக் கடக்கைக் கேட்டபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். தெளியவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். பிழைத்த ஒன்றிரண்டு பாக்டீரியாக்கள், வைரஸின் ஒரு துணுக்கை வெட்டித் தமக்குள் வைத்துக்கொள்ளும். அந்த வைரஸ் திரும்ப வந்தால் அடையாளம் கண்டு நறுக்கிப்போடும். பெருகும் வாரிசுகளுக்கும் அந்த ஞாபகம் போகும். அடேயப்பா, என்ன சாமர்த்தியம் என்று அவளே வியந்ததுண்டு.

ஆய்வுக்கூடத் தலைவர் குடுவையை எட்டிப் பார்த்தார். "நேத்து குப்பியை வடிகட்டித்தானே அனுப்பின?"

நேற்று, மிஞ்சிய பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்தது. போனில் தம்பி வலி தாங்காமல் கத்திக்கொண்டிருந்தான். தெளிவாகத்தானே இருக்கிறது என்று அப்படியே மூடிவிட்டாள்.

"என்னம்மா, வடிகட்டலையா?"

ஓடினாள்.

மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரம். கிருமிநாசினி நெடி. பாதி தூரத்தில் அது மாறியது.

இனிப்பு.

கதவு. போர்வைக்குள் தம்பி. பல் கிட்டும் நடுக்கம்.

"வாக்கா, வைரஸ் டாக்டர்! திராட்சை வாங்கிட்டு வந்தியா? நேத்து ராத்திரியிலேருந்து வாசனை தூக்குது."

"கால்... கால் எப்படிடா இருக்கு?"

"கால் தேவல. கைதான் விண்ணு விண்ணுனு தெறிக்குது."

போர்வையிலிருந்து கையை எடுத்து நீட்டினான். நேற்று வரை ஒரு கீறலும் இல்லாத கை. ஊசி ஏறிய இடத்தில் வெள்ளைப் பஞ்சு. பஞ்சின் நடுவில் ஒரு பச்சை வட்டம், அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஓரம்வரை ஊறியது.