பிரிஜட்டின் கையெழுத்து

தன் கையெழுத்தின் முடிவில் பிரிஜட் ஒருநாளும் புள்ளி வைத்ததில்லை. காதர் மைதீன் நீட்டிய கம்ப்யூட்டர் சிப்பின் ஸ்டிக்கரில் புள்ளி இருந்தது.

"அக்கா, இது உங்க சைன்தானே?"

லிஃப்ட் பழுதுபார்க்கும் காதர், சிங்கப்பூரின் கிளமெண்டியில் அவள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடி நடைவழியில் டார்ச்சோடு நின்றிருந்தார். எண்பத்தாறாம் ஆண்டின் ஒரு ஞாயிறு நண்பகல். வட்டாரம் முழுக்க கரண்ட் போயிருந்தது. விசிறிகள் நின்றுபோன வீடுகளிலிருந்து வந்த, மிளகாய் அரைத்து வதக்கிய சம்பால் வாடை அசையாத காற்றில் அப்படியே தேங்கியிருக்க, லிஃப்ட் குழிக்குள்ளிருந்து மட்டும் எண்ணெய் நாற்றத்தோடு, கம்பிகள் ஒன்றோடொன்று மெல்ல உரசும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"காலைல நம்ம புளோக்ல மட்டும் கரண்ட் கட்டாகி வந்துச்சு. வந்ததும் அஞ்சாவது மாடில கதவு தானா திறந்துருச்சு. பின்னாடி லிஃப்ட் இல்லக்கா. வெறும் குழி. அதான் இந்தச் சிப் இருந்த போர்டைக் கழட்டிட்டேன்."

கரண்ட் வந்ததும் லிஃப்ட்டில் முதலில் ஓடும் புரோகிராம் அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் அதைச் சோதித்துக் கையெழுத்திடுவது அவள் வேலை. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்க்காமலே கதவைத் திறக்கிறது என்று எழுதி, இதே புரோகிராமைப் போன மாதம் அவள் திருப்பி அனுப்பியிருந்தாள்.

அவள் கையெழுத்தை இவ்வளவு நெருக்கமாக அறிந்தவன் ஒருவன்தான். அதே தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கும் அவள் கணவன் ஆம்ப்ரோஸ். வாசலில் நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"நீங்களா?"

"ஷிப்மென்ட் லேட்டாயிருச்சு லா. நீ பிடிவாதமா மாட்டேன்னுட்ட. ஒரு சைன்தானே, பிரிஜட்."

பன்னிரண்டு வருடம். ஒரே கட்டில். எப்போது எழுதிப் பழகினான்? அவள் தூங்கும்போதா?

"எத்தனை போர்டு?"

அவன் எதிர் புளோக்கைப் பார்த்தான். அடுத்ததை. அதற்கும் அடுத்ததை.

"எத்தனைங்க?"

"எல்லாம்."

வீட்டுக்குள் விசிறி சுழலத் தொடங்கியது. எங்கோ ஒரு ரேடியோ பாடியது.

கரண்ட்.

எதிர் புளோக். ஒன்பதாம் மாடி. லிஃப்ட் கதவு விலகியது. உள்ளே விளக்கு இல்லை. ஞாயிறு உடுப்பில் ஒரு பெண், பின்னால் வருபவரிடம் எதையோ சொல்லிச் சிரித்தபடி, முகத்தைத் திருப்பாமலே காலெடுத்து வைத்தாள்.

பிரிஜட் கத்தினாள். குரல் அங்கே எட்டவில்லை.

அடுத்த புளோக்கிலும் கதவு திறந்தது. அதற்கடுத்ததிலும். ஒவ்வொரு கதவின் முன்னாலும் யாரோ காத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தார்கள்.