வெட்டாமல் விட்ட வால்

செவ்வாய், காலை 7:40. பத்து மாடிக் கட்டடத்தின் காவலாளி லிஃப்ட் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மேலே நிற்க வேண்டிய கூண்டு கீழே இருந்தது. அதற்கடியில் மெக்கானிக் கிடந்தான். அவன் போனும் அவனோடேயே நொறுங்கியிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தும் எந்த மாடிக்கும் படியேறியே போவான் என்பதால் அவனுக்கு மாடிப்படி என்று பட்டப்பெயர். லிஃப்டை நம்பாத மனிதன் லிஃப்டுக்கு அடியில் போய்ப் படுத்தது எப்படி என்பதுதான் கேள்வி.

வியாழன், காலை 10:15. விபத்து விசாரணைக்கு வந்த பாதுகாப்பு ஆய்வாளரம்மாவிடம், அவன் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியின் மேலாளர் ஒரு படிவத்தை நீட்டினார். காரணம் என்ற கட்டத்தில் அவரே பென்சிலால் உதவி செய்திருந்தார்: பலியானவரின் அஜாக்கிரதை. கூண்டுக்கு முட்டுக் கொடுக்காமல் இறங்கியிருக்கிறான், வேறென்ன எழுத என்றார்.

"சந்தேகம் இருந்தா யாரையாவது கேட்டிருக்கலாமே மேடம். வாய் இருக்குல்ல."

மாலை ஐந்துக்குள் அறிக்கை போயாக வேண்டும். படிக்காத சரக்குக்கு ரசீதில் கையெழுத்துப் போடுகிற பழக்கம் ஆய்வாளருக்கு இல்லை. பென்சில் எழுத்தை அழிக்கவும் இல்லை, மேலே மையால் எழுதவும் இல்லை. படிவத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு செத்தவன் வீட்டுக்குப் போனார்.

11:30. மனைவி அழுது முடித்து, துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். உடுத்த ஆளில்லாத சட்டைகள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அஜாக்கிரதைங்கற அந்த வார்த்தைய மட்டும் எழுதிடாதீங்க மேடம். நாளைக்கு எம் பையன் படிப்பான்."

கடைசி ஒரு வாரம் அவன் என்ன செய்தான் என்று ஆய்வாளர் கேட்டார். சாயங்காலமெல்லாம் போனும் கையுமாகத்தான் இருந்தானாம். மெக்கானிக்குகளுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழு உண்டு, அதற்கு எழுதிக்கொண்டிருந்தான்.

"வரிக்கு எழுபத்திரண்டு எழுத்துன்னு எண்ணிக்கிட்டே இருந்தாரு. என்னங்க இதுன்னேன். கேள்வி கேக்கவே பரீட்சை வச்சிருக்காங்கன்னாரு."

12:20. ஆய்வாளர் குழுவின் பழைய மடல்களைத் திறந்தார். முந்நூறு மெக்கானிக்குகள். மாடிப்படியின் பெயரில் ஒரு மடலும் இல்லை. ஆனால் மடல்களுக்கு வரிசை எண் உண்டு. 6117 இருந்தது, 6119 இருந்தது. நடுவில் 6118 பல் விழுந்த இடமாகக் கிடந்தது.

6119 முதல் நாற்பத்தொரு மடல்கள். ஒவ்வொன்றிலும் முதல் சில வரிகளை மட்டும் ஓட்டிப் பார்த்தார், அத்தனையும் ஒரே சண்டை. பதிலை முந்தைய மடலுக்கு மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா? பதிலோடு ஒட்டிவரும் பழைய மடலை, அதாவது மேற்கோளை, வெட்டுவதா, விடுவதா? வண்ண எழுத்து போடுகிறவன் மனிதனா? பங்காளிகள் வேலித் தகராறில்கூட இவ்வளவு சூடு பார்த்ததில்லை ஆய்வாளர். எல்லோரும் 6118-க்குத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். அதில் ஏதோ "கெட்ட உதாரணம்" காட்டப்பட்டிருந்ததாம்.

உறுப்பினர்கள் எட்டுப் பேரைப் போனில் பிடித்தார். வந்த அன்றே அழித்துவிட்டோம் என்றார்கள் எட்டுப் பேரும். இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லும் ஒழுங்கு மடலை யார் சேர்த்து வைப்பார்?

அழிப்புப் பதிவேடு நேரத்தைச் சொன்னது, ஆளைச் சொல்லவில்லை: செவ்வாய், காலை 9:05. அழிக்கும் சாவி இரண்டு பேரிடம் இருந்தது. ஒருவர் மேலாளர், குழு ஓடுவது அவர் கம்பெனியின் கணினியில். இன்னொருவர் குழுவின் மட்டுறுத்துநர். புதியவர்களின் மடல்கள் அவர் பார்த்து அனுப்பினால்தான் குழுவுக்குப் போகும்.

2:00. மட்டுறுத்துநர் ஓய்வுபெற்ற லிஃப்ட் பொறியாளர். குழுவில் அவருக்குக் கத்திரி என்று பெயர். வாசலில் செருப்புகூட ஸ்கேல் வைத்தாற்போல் நின்றது. 6118 வெறும் ஒழுங்கு நினைவூட்டல், கணினிக் கோளாறில் போய்விட்டது என்றார். பிறகு, கேட்காமலே, வால் என்றொரு உறுப்பினரைத் திட்டினார். பதிலை மேலே எழுதிவிட்டுப் பழைய மடல் முழுவதையும் அடியில் தொங்க விடுகிறவனாம்.

"வாலைப் படிக்கிற ஆள் நான் இல்ல மேடம். மேல ரெண்டு வரி பாப்பேன். அதுக்குக் கீழ எனக்குக் குப்பை."

ஆய்வாளர் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

4:15, மேலாளர் அறை. மேலாளர், கத்திரி, மனைவி, வரவழைக்கப்பட்ட வால். வால் பருமனான ஆள், இரும்பும் எண்ணெயும் மணக்கும் சட்டை. ஆய்வாளர் முதலில் மேலாளரைப் பார்த்தார்.

"செவ்வாய் 9:05க்கு எங்க இருந்தீங்க?"

"குழிக்குப் பக்கத்துல. போலீஸோட. பத்து மணி வரைக்கும்."

"போன்?"

"போலீஸ் வாங்கி வச்சிருந்தாங்க."

அதை ஆய்வாளர் ஏற்கெனவே விசாரித்திருந்தார். மேலாளருக்கு ஆசை இருந்திருக்கலாம், கை இல்லை. சாவுச் செய்தியைக் குழுவில் 8:30க்குப் போட்டது வால். அதைப் படித்ததும் யாருக்கோ 6118 ஞாபகம் வந்திருக்கிறது.

"நீங்கதான் அழிச்சீங்க சார்" என்றார் கத்திரியிடம். "கூடவே, 6118 எங்கயாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு மத்த நாற்பது பேர் பதிலையும் புரட்டிப் பாத்திருப்பீங்க. உங்க பேச்சக் கேட்டு எல்லாரும் மேற்கோள வெட்டியிருந்தாங்க. வால் எழுதினத மட்டும் மேல ரெண்டு வரி படிச்சதோட விட்டுட்டீங்க. பழக்கம்."

கணினியில் வாலின் மடலைத் திறந்தார். மேலே இரண்டு வரி: என் இஷ்டப்படிதான் எழுதுவேன், முடிந்தால் வெட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே, வரிக்கு வரி > குறியோடு, 6118 முழுதாகத் தொங்கியது. ஆய்வாளர் வாசித்தார்.

> இப்படி எழுதாதீர்கள் என்பதற்கு ஓர் உதாரணம். மூன்று முறை திருப்பி அனுப்பியும் திருந்தாத ஒருவர் எழுதியது. நாகரிகம் கருதிப் பெயரை நீக்கியிருக்கிறேன்.
>> அண்ணன்மார்களே, பத்து மாடிக் கட்டடம். பிரேக் பிடித்த பிறகும் கூண்டு கையளவு நழுவுகிறது. செவ்வாய் காலை குழியில் இறங்க வேண்டும். முட்டுக் கொடுக்க நேரமில்லை, சும்மா இறங்கு என்கிறார் மேலாளர். இறங்கலாமா? யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மேலாளர் நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் படிக்கல மேடம்" என்றார் கத்திரி. குரல் அளவெடுக்காமல் வந்தது. "வடிவத்தத்தான் பாத்தேன். நான் திருப்பி அனுப்பின மடலுக்கு மேலயே எழுதியிருந்தான், கலர் போட்டிருந்தான். என்ன கேக்கறான்னு செவ்வாக்கிழமதான் படிச்சேன்."

"கேட்டாரு பாத்தீங்களா" என்றாள் மனைவி, மேலாளரிடம். "வாய் இருக்குன்னீங்களாமே. முந்நூறு பேர்கிட்ட கேட்டிருக்காரு."

ஆய்வாளர் வாலிடம் திரும்பினார். முழுசாகத் தொங்கவிட்ட ஆளாவது படித்தாரா?

"இல்ல மேடம். அவருக்கு எரியட்டும்னு விட்டேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முந்நூறு பேர் கண்முன் கேள்வி மூன்று நாள் கிடந்தது. நாற்பத்தொரு பேர் பதில் எழுதினார்கள். கேள்விக்கு ஒருவரும் எழுதவில்லை.

4:50. ஆய்வாளர் பென்சில் எழுத்தை ரப்பரால் தேய்த்து அழித்தார். அந்தக் கட்டத்தில் மையால் எழுதினார்: எச்சரித்துக் கேட்டவரை முட்டில்லாமல் இறங்கச் சொன்ன மேலாளரின் உத்தரவு. அடுத்த வரியில் சாட்சியத்தை அழித்தவரின் பெயர். படிவத்தை மனைவியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவள் இரண்டு முறை படித்தாள்.

வால் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்காமலே, தடித்த விரலால் மடலை வெட்டத் தொடங்கினார். தன் இரண்டு வரி போயிற்று, கத்திரியின் முன்னுரை போயிற்று, மாடிப்படியின் கேள்வி மட்டும் நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாக, அதற்குக் கீழே, ஒழுங்காக, பதிலை அடித்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

இறங்காதே தம்பி. பிரேக் லைனிங் தேய்ந்துபோச்சு. முட்டுக் கொடுக்காமல் யார் சொன்னாலும் இறங்காதே.